மூன்றாவது கியரில் இறங்கிய ஜீப்

அந்த ஜீப்பின் பிரேக் நல்ல நிலையில் இருந்தது என்று, விபத்துக்கு மறுநாள் அதைப் பரிசோதித்த மோட்டார் வாகன ஆய்வாளர் எழுதிக்கொடுத்தார். அவர் எழுதியது பொய்யில்லை. அவர் மிதித்தபோது பெடல் கல்லைப் போல நின்றது. எங்கும் பிரேக் ஆயில் ஒழுகவில்லை. லைனிங் தேயவில்லை. ஆகவே தவறு ஓட்டியவருடையது என்று முடிவாயிற்று. ஓட்டியவரும் அதை ஒப்புக்கொண்டார். தன் மனைவியின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்ததற்குத் தன் கைதான் காரணம் என்று ஏழு மாதம் நம்பிக்கொண்டிருந்தார். அது அப்படியல்ல என்பது ஏற்காட்டில் ஒரே ஒருவனுக்குத் தெரியும். அவன் நான்.

முப்பத்தொரு வருடம் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தினேன். ஓய்வு பெற்றபின் மாரமங்கலம் போகிற ரோட்டில் ஒரு சின்ன வீடு வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். பஸ் இல்லாத நேரத்தில் கடைவீதிக்குப் போக அந்த டிரைவருடைய ஜீப்பில்தான் ஏறுவேன். அப்படித்தான் பழக்கம். மலையிலேயே பிறந்தவர், ஐம்பதை நெருங்கியவர். காலையில் காப்பி பழம் பறிக்கிறவர்களை எஸ்டேட்டுக்குக் கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் திரும்ப அழைத்துவருவார். நடுவில் மூட்டை ஏற்றுவார். அவர் மனைவியும் பறிக்கப் போகிறவர்தான். முன்சீட்டில் உட்கார மாட்டார். பின்பக்கக் கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஏறுகிற பெண்களுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடுவார்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் வண்டி எதன்மேலும் உரசியதில்லை. அவருக்கு இருந்த விதி ஒன்றுதான். மலையில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் உள்ள விதி அது: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு. அவருடைய பழைய பெட்ரோல் ஜீப் மேட்டில் இரண்டாவது கியரில் முக்கி முனகி ஏறும். அதனால் இரண்டாவதிலேயே இறங்கும். இறக்கத்தில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கு அதிகம் வேலை இருக்காது.

அந்த பெட்ரோல் எஞ்சின் ஒரு நாள் ஒரேயடியாக உட்கார்ந்துவிட்டது. ஒண்டிக்கடைக்குக் கீழே ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக், சேலத்தில் உடைப்புக்கு வந்த ஒரு பிக்கப் வண்டியின் டீசல் எஞ்சினைப் பேசி வைத்தார். அதை ஏற்றலாமா என்று கேட்க இருவரும் என்னைக் கூப்பிட்டார்கள். நான் வாத்தியார் என்பது அதற்குள் மலை முழுக்கத் தெரிந்திருந்தது.

ஷெட்டில் எனக்கு ஸ்டூல் போட்டார்கள். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க சார், இந்த டீசல் இஞ்சினை வெச்சா பழைய ஆக்சிலு தாங்குமுங்களா?"

நல்ல கேள்வி. காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அதன் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். எஞ்சினின் முறுக்கு விசை, கியர் விகிதம், அச்சுத் தண்டின் தடிமன். பத்து நிமிடத்தில் விடை வந்தது. பழைய பின் அச்சு தாங்காது, முறிந்துவிடும். அதே பிக்கப்பின் பின் அச்சையும் சேர்த்து எடுத்து வெட்டிப் பொருத்துங்கள் என்றேன். இதுவரை நான் சொன்னதில் பிழை இல்லை.

மெக்கானிக் தாளைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த பழைய பிரேக் டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆக்சிலோட பெரிய டிரம்மும் வருதுங்களே சார். பெடலுக்குக் கீழ இருக்கிற மாஸ்டர் சிலிண்டரு பழசே போதுமுங்களா? அதையும் பிக்கப்புல இருந்தே எடுத்தறலாமுங்களா?"

"அதை எடுத்தா எங்க மாட்டுவ?" என்றார் டிரைவர். "இங்க எடம் ஏது?"

"முன்னாடித் தகரத்தை வெட்டோணும். பெடலையும் மாத்திப் பத்த வெக்கோணும். ஒரு அஞ்சு நாளு சேந்தாப்புல ஆகும்."

"அஞ்சு நாளா? திங்கக்கெழமை பறிப்பு ஆரம்பமுடா சாமி! என்ர ஜனம் பூரா நடந்தா போகும்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் விளக்குகிறேன். மாஸ்டர் சிலிண்டர் என்பது ஊசி போடும் சிரிஞ்ச் மாதிரி. பெடலை மிதித்தால் அது ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் சக்கரத்திலுள்ள சிலிண்டர்களை நிரப்பி, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உட்புறத்தில் லைனிங்கை அழுத்தும். சக்கரத்தில் இருப்பது பெரிதாகி, தள்ளுவது சிறிதாகவே இருந்தால் ஆயில் போதாது. பெடல் ஆழமாகப் போகும். இதை நான் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். பரீட்சைக்குக் கேள்வியாகக் கொடுத்திருக்கிறேன். தப்பாக எழுதியவர்களுக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

ஆனால் அந்த நேரத்தில் நான் அச்சு முறியுமா என்பதை மட்டுமே யோசித்திருந்தேன். பிரேக்கைப் பற்றி யோசிக்கவே இல்லை. எட்டாவது வகுப்போடு நிறுத்திய ஒருவர், எனக்குத் தோன்றாத ஒன்றை, இன்னொருவர் முன்னால் என்னிடம் கேட்டுவிட்டார். கொஞ்சம் பொறுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எனக்கு வாய் வரவில்லை.

"டிரம் பெரிசானா பிடிப்பு அதிகம்தானே? பழைய மாஸ்டரே போதும்" என்றேன்.

மெக்கானிக் தலையை ஆட்டினார். டிரைவர் டீ சொல்லி அனுப்பினார்.

வண்டி தயாரானதும் சோதனை நடந்தது. இந்த மலையில் ஒரு புது எஞ்சினை எப்படிச் சோதிப்பார்கள் என்றால், ஆளையும் மூட்டையையும் முடிந்த அளவு ஏற்றி, இருக்கிறதிலேயே செங்குத்தான மேட்டில் ஏற்றிப் பார்ப்பார்கள். ஏறுமா என்பதுதான் கேள்வி. இறங்குவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, இறக்கத்தில் எந்த வண்டியும் இறங்கும் என்பது நினைப்பு. பதினோரு பேர் ஏறினோம். நான் முன்சீட்டில். இரண்டாவது கியரில் திணறுகிற அந்த மேட்டில் ஜீப் மூன்றாவதிலேயே விறுவிறுவென்று ஏறியது. பின்னால் விசில் பறந்தது.

"மூணாவதுலயே ஏறுது சார்!" என்று டிரைவர் கத்தினார். "இனி ரெண்டாவதுக்கு ரெஸ்ட்டு!"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். திரும்பி வந்தது சுற்றுவழியில், சமமான ரோட்டில். பிரேக் நன்றாகப் பிடித்தது. சூடேறாத பிரேக் பிடிக்கத்தான் செய்யும்.

மறுநாள் ஷெட்டுக்குப் போனபோது, நான் கணக்குப் போட்ட காலண்டர் தாளைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பசை தடவி ஒட்டியிருந்தார் மெக்கானிக். எனக்குப் பெருமையாக இருந்தது.

கார்த்திகை கடைசி வாரத்தில் ஒரு நாள் கண் பரிசோதனைக்காக சேலம் போக வேண்டியிருந்தது. பஸ்ஸை விட்டுவிட்டேன். அவர் காப்பி மூட்டைகளோடு குப்பனூர் ரோட்டில் இறங்கப்போவதாகச் சொன்னார். ஏறிக்கொண்டேன். மேலே வெயில், கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளைப் பனி. ஒவ்வொரு வளைவாக அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி தூரம் போயிருப்போம். துணி கருகுவது போல ஒரு வாசனை வந்தது.

"என்னப்பா வாசனை?"

"லைனிங்கு புதுசுங்க சார், வேவுது. போகப் போகப் பழகிரும்."

அடுத்த வளைவில் அவருடைய வலது கால் பெடலை மிதித்தது. பெடல் எதிர்ப்பே இல்லாமல் கீழே போவதைப் பார்த்தேன். அவர் சட்டென்று காலை எடுத்து மறுபடி மிதித்தார். இப்போது பிடித்தது. வண்டி வளைந்தது.

"அது என்ன, ரெண்டு மிதி?"

"சூடு ஏறுனா அப்பிடித்தானுங்க. மொத மிதிக்குத் தூங்கிக்கிட்டு இருக்கும். ரெண்டாவதுக்குத்தான் எந்திரிக்கும்." சிரித்தார். "என்ர ஊட்டுக்காரி மாதிரி."

அடுத்த வளைவு வருவதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டிரம் சூடானால் விரியும். விரிந்தால் லைனிங் அதைத் தொட இன்னும் தூரம் நகர வேண்டும். அதற்கு இன்னும் ஆயில் வேண்டும். அந்தச் சின்ன மாஸ்டரில் அவ்வளவு ஆயில் இல்லை, அதனால் முதல் மிதி வெறுமையாகப் போகிறது. நான் எடுக்கச் சொன்ன பின் அச்சோ சமவெளியில் வேகமாக ஓடுவதற்கான விகிதம் உள்ளது. அது சக்கரம் சுற்றுகிற அளவுக்கு எஞ்சினைச் சுற்றவிடாது, அதனால் இறக்கத்தில் எஞ்சினின் பிடி பாதியாகிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, அவர் மூன்றாவதில் இறங்கிக்கொண்டிருந்தார். ஏறியது மூன்றாவதில், ஆகவே இறங்குவதும் மூன்றாவதில். இருபத்திரண்டு வருடம் அவரைக் காப்பாற்றிய விதி, நான் ஏற்றிவைத்த எஞ்சினால் அவருக்கு எதிராகத் திரும்பியிருந்தது. அவருக்கு அது தெரிய வழியே இல்லை.

"ரெண்டாவதுல இறங்கலாமே" என்று மட்டும் சொன்னேன். அதையும் போகிறபோக்கில் சொன்னேன்.

"எதுக்குங்க? ஏறுன கியருலதான எறங்கோணும்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். வாத்தியார் சொல்வதைக் கேட்கிற மனிதர். நான் பனியைப் பார்த்தேன்.

குப்பனூரில் டீக்கடை முன்னால் நிறுத்தினார். நான் இறங்கிப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். டிரம் ஆறிக்கொண்டே டிக், டிக் என்று சத்தம் கொடுத்தது. டீ ஆறும்வரை அது நிற்கவில்லை.

அன்று ஏன் சொல்லவில்லை என்பதற்கு நான் எனக்கே பல காரணங்கள் சொல்லிக்கொண்டேன். சொன்னால் வண்டியை நிறுத்த வேண்டும், பறிப்புக் காலத்தில் அவர் நஷ்டப்படுவார். பறிப்பு முடியட்டும், தையில் சொல்லி மாஸ்டரை மாற்றச் சொல்லலாம். இரண்டு மிதி மிதித்தால்தான் பிடிக்கிறதே. இவை எல்லாம் பின்னால் சேர்த்துக்கொண்டவை. உண்மையான காரணம் அந்தச் சுவரும், அதில் ஒட்டியிருந்த தாளும். நான் சொன்னது தப்பு என்று அந்த ஷெட்டில் போய் நிற்க எனக்கு மனமில்லை.

ஒரு தடவை போகத்தான் செய்தேன். மார்கழி முதல் வாரம். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். ஷெட்டில் இன்னொரு ஜீப் கட்டை மேல் நின்றது. அடியில் அதே மாதிரி பிக்கப் அச்சு.

"நம்ம டிரைவரோட மச்சான் வண்டிங்க சார்" என்றார் மெக்கானிக். "அவுனும் கேட்டுப்புட்டான். உங்க கணக்குதானுங்க, அப்பிடியே. தாளைப் பாத்துத்தான் செய்யறேன்."

நான் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் ஐந்தரை மணிக்கு நான் என் வீட்டு வாசலில் நிற்க ஆரம்பித்தேன். என் வீட்டுக்கு மேலே ரோடு ஒரு வளைவாக இறங்கி வரும். பறிப்பு முடிந்து வருகிற ஜீப் அந்த வளைவை எடுக்கும்போது, பின்னாலுள்ள சிவப்பு விளக்கு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தெரியும். முதல் நாள் அது இரண்டு முறை மின்னியது. இரண்டு மிதி. பெண்கள் பேசிக்கொண்டும் கத்திக்கொண்டும் போவார்கள். கடைசியில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி என்னைப் பார்த்துக் கையை ஆட்டுவார். "சாரு நமக்குக் கொடி காட்ட நிக்கறாரு பாரு!" என்று ஒருநாள் யாரோ சொல்லிச் சிரித்தார்கள். நானும் கையை ஆட்டினேன்.

மார்கழி கடைசியில் விளக்கு மூன்று முறை மின்னியது.

அதைப் பார்த்த இரவுகளில் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். தூங்கினேன். மறுநாள் ஐந்தரைக்கு மறுபடி நின்றேன்.

தை மூன்றாவது வாரம் ஒருநாள் ஐந்தரைக்கு ஜீப் வரவில்லை. ஐந்தே முக்காலுக்கும் வரவில்லை. ஆறு மணி பஸ் மேலிருந்து வந்து என் வாசலுக்கு எதிரே நின்றது. கண்டக்டர் படியிலிருந்தே சொன்னார்: "ஜீப்பு சாஞ்சிருச்சுங்க. மேல மூணாவது வளைவுல."

நடந்தேன். ஓடக்கூடிய வயது இல்லை. ஜீப் இடது பக்கமாகக் கவிழ்ந்து மண்மேட்டில் முட்டிக் கிடந்தது. வலது பக்கம் பள்ளம். அவர் வேண்டுமென்றேதான் மேட்டுப் பக்கம் திருப்பியிருக்கிறார். இல்லாவிட்டால் பதினான்கு பேரும் பள்ளத்தில் கிடந்திருப்பார்கள். ஒரு பெண்ணுக்குக் கை முறிந்திருந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. பின்பக்கக் கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் மனைவியின் கால் மட்டும் வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டியிருந்தது. நான் போனபோது காலை விடுவித்திருந்தார்கள். ஒரு புடவையைச் சுற்றி, வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

டிரைவர் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"மிதி உழுந்துருச்சுங்க சார். நாலு மிதி மிதிச்சேன். சரின்னு ரெண்டாவது கியரு போடப் பாத்தேன், வேகத்துல உழுகுல. நியூட்ரல்ல நின்னுருச்சு. இருவத்திரண்டு வருசத்துல கியரு மாத்தறதுல நான் தப்புனதே இல்லீங்க. இன்னிக்குத் தப்பிட்டனுங்க. என்ர தப்பு, என்ர தப்பு."

நான் குனிந்து பின் டிரம்மைத் தொட்டேன். உள்ளங்கை பொசுங்கிவிட்டது. இப்போதும் அந்த இடத்தில் தோல் வழவழப்பாக இருக்கிறது. கையை வேட்டியில் மறைத்துக்கொண்டு, "வாப்பா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றேன்.

மறுநாள் ஆய்வாளர் வந்து பார்த்தபோது ஜீப்பை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். பனியில் இரவெல்லாம் நின்ற வண்டி. அவர் ஏறி உட்கார்ந்து ஒரு முறை மிதித்தார். பெடல் நின்றது. கீழே குனிந்து குழாய்களைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மிதி விழுந்தது என்று டிரைவர் சொன்னதற்கு, "இதுவா விழுந்தது? நீயே மிதிச்சுப் பாரு" என்றார். டிரைவர் ஏறி மிதித்தார். பெடல் விழவில்லை. அவர் முகத்தில் அப்போது வந்ததை நான் பார்த்தேன். தன் காலையே அவர் நம்பாமல் போன இடம் அதுதான். வேலியோரத்தில் மெக்கானிக் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். ஐயா, இதை மூட்டையோடு இரண்டு மைல் இறக்கி ஓட்டிவிட்டு அப்புறம் மிதித்துப் பாருங்கள் என்று நான் சொன்னால் போதும். சொல்லவில்லை.

அவருடைய லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள். வழக்குப் பதிவானது. ஜீப்பும் கையைவிட்டுப் போனது. அவர் எஸ்டேட்டில் களை வெட்டப் போனார். நான் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை பழம் வாங்கிக்கொண்டு போனேன். அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து, "நீங்க எதுக்குங்க சார் இவ்வளவு தூரம்" என்றார். அதற்குப் பிறகு என்னால் அங்கே போக முடியவில்லை.

ஆவணியில் வீட்டுக் கேட் கொக்கி ஒன்றைப் பற்றவைக்க ஷெட்டுக்குப் போனேன். கட்டை மேல் மூன்றாவது ஜீப் நின்றது.

"இதுவும் சார் கணக்குதானுங்க" என்றார் மெக்கானிக். "அந்த டிரைவரு கியரை உட்டுட்டாரு பாவம். வண்டி நல்ல வண்டிங்க."

"அவர் மச்சான் வண்டி எப்படி ஓடுது?"

"சூப்பரா ஓடுதுங்க. சூடானா ரெண்டு மிதி. அது டீசல் ஏத்துன ஜீப்புன்னாலே அப்பிடித்தானுங்களே?"

முதல் நாள் என்னிடம் சரியான கேள்வியைக் கேட்டவர் இவர். என் பதிலை நம்பி நம்பி, கோளாறையே இயல்பு என்று கற்றுக்கொண்டிருந்தார். நான் சுவரிலிருந்த தாளைப் பிய்த்தேன். பாதிதான் வந்தது. மீதி பசையோடு ஒட்டிக்கொண்டது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டர், டிரம், சூடு, விகிதம், மூன்றாவது கியர், குப்பனூர் ரோடு.

அவர் வெகுநேரம் கையைத் துடைத்தார். "நான் கேட்டனுங்களே சார்" என்றார். அவ்வளவுதான். பிறகு ஷெட்டின் கடிகாரத்தைப் பார்த்தார். "மச்சான் வண்டி இன்னேரம் மேல லோடு ஏத்திக்கிட்டு இருக்குமுங்க. போனு போட்டுப் பாக்கறேன்." போட்டார். அங்கே சிக்னல் கிடைக்காது. அந்த வண்டி இறங்குகிற வழியில்தான் டிரைவரின் வீடு. மெக்கானிக் என்னைத் தன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டு, தான் மேலே போய்ப் பார்ப்பதாகப் புறப்பட்டார். பாதி மேட்டிலேயே அந்த மொபெட் நின்றுவிட்டது என்று பிறகு தெரிந்தது.

அந்த அம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். கட்டைக்கால் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தது. கூரையில் ஓடு மாற்றிக்கொண்டிருந்த டிரைவர் இறங்கி வந்தார்.

"வாங்க சார். உக்காருங்க. ஏ புள்ள, டீ வெய்யி."

"நான் எந்திரிச்சு வெக்கறதுக்குள்ள சாரு ஊடு போய்ச் சேந்துருவாரு. நீயே வெய்யி" என்றார் அம்மாள்.

டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே சொன்னேன். வகுப்பில் சொல்வது போலச் சொன்னேன், வேறு மாதிரி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கியர் மாற்றியதில் உங்கள் தப்பு இல்லை. மிதி விழுந்தது நிஜம். விழும்படி செய்தது நான். அது எனக்கு முன்பே தெரியும்.

டிரைவர் கையில் ஓடு ஒன்று இன்னும் இருந்தது. அம்மாள் அவரைக்காயைக் கூடையில் போட்டார்.

"எப்ப இருந்து தெரியுமுங்க?"

"கார்த்திகைல. கடைசி வாரம். குப்பனூர் இறங்கும்போது."

"அப்ப, நீங்க வாசல்ல நின்னு கையாட்டுனப்பெல்லாம்?"

"தெரியும்."

அம்மாள் என்னைத் திட்டவில்லை. உரித்த அவரையையும் உரிக்காததையும் ஒன்றாகக் கலந்துகொண்டிருந்தார், அது அவருக்கே தெரியவில்லை.

"மணி என்னங்க?" என்றார் டிரைவர். ஏழு மாதம் சுமந்த பழி தன்னுடையது அல்ல என்று கேட்ட மனிதர் முதலில் கேட்டது அதுதான்.

"நாலே கால்."

"மச்சான் இப்ப எறங்குவான்." ஓட்டைக் கீழே வைத்துவிட்டு வெறுங்காலோடு ரோட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

சத்தம்தான் முதலில் கேட்டது. மேலே எங்கோ டீசல் எஞ்சின், மூன்றாவது கியரில் தளர்ந்து ஓடுகிற சத்தம். பிறகு காற்றில் அந்தக் கருகல் வாசனை. டிரைவர் நடு ரோட்டில் போய்க் கையை உயர்த்தி நின்றார். அந்த வண்டியின் முதல் மிதி வெறுமையாகப் போகும். இரண்டாவதும் போகலாம்.

"ஓரமா நில்லுங்க! ஓரமா வாங்க!" என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "ஏனுங்க சார், நிக்காதுங்களா? உங்க கணக்குப்படி நிக்கோணுமே."

ஜீப் வளைவில் தெரிந்தது. மேலே மூட்டை, உள்ளே ஆட்கள். மச்சான் அவரைப் பார்த்துவிட்டார். பிரேக்கை மிதித்ததில் மச்சானின் தோள் ஒரு முறை குலுங்கியது. வண்டி குறையவில்லை. மறுபடி குலுங்கியது. நான் கண்ணை மூடவில்லை. மூடியிருக்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் மூடவில்லை. டயர் கிறீச்சிட்டு, மூட்டைகள் முன்னால் சரிந்து, டிரைவரின் உயர்த்திய கைக்கு ஒரு முழம் முன்னால் பானெட் நின்றது.

"ஏன் மாமா, சாவறதுக்கு என்ர வண்டிதான் கெடச்சுதா?" என்று மச்சான் உள்ளேயிருந்து கத்தினார்.

"எறங்கு. எல்லாரும் எறங்குங்க."

"எறங்கி? ஊருக்கு நடந்தா போறது?" என்றார் ஒரு கிழவர்.

"ஆமா, நட. நடந்து போனா ரெண்டு காலும் இருக்கும்." பிறகு டிரைவர் என் பக்கம் கையைக் காட்டினார். "சார் சொல்லுவாரு கேளுங்க. என்ர ஊட்டுல சொன்ன மாதிரியே சொல்லுங்க சார். மாசத்தையும் சேத்துச் சொல்லுங்க."

சொன்னேன். நடு ரோட்டில், பன்னிரண்டு பேர் முன்னால். கூட்டத்தில் தையில் கை முறிந்த பெண்ணும் இருந்தார். நான் முடிக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. தன் பையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். டிரைவர் வண்டியைக் குளிரவைத்து, ஆளில்லாமல், முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து இறக்கிக்கொண்டு போனார்.

இப்போது மச்சான் வண்டியிலும் ஷெட்டில் நின்ற மூன்றாவது ஜீப்பிலும் முன்னாடித் தகரத்தை வெட்டிப் பெரிய மாஸ்டர் வைத்தாகிவிட்டது. வெட்டிய நாட்களில் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சூடேற்றிப் பார்த்தோம், ஒரு மிதியில் நிற்கிறது.

டிரைவரின் வழக்கில் நான் சாட்சி சொல்லவேண்டும். அதற்கான வாக்குமூலத்தை எழுதி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். டிரைவர் வெளியே வரவில்லை. இன்றுவரை அவர் என்னிடம் பேசவில்லை. அம்மாள்தான் வாசலில் உட்கார்ந்து, படிக்கச் சொல்லிக் கேட்டார். "விபத்துக்குச் சில வாரங்கள் முன்பே இந்தக் குறை எனக்குத் தெரியும்" என்று படித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"சில வாரம்னு எழுதாதீங்க. எண்ணி எழுதுங்க."

எனக்குத் தெரிந்தபின்னும் அவர் அந்த ஜீப்பில் ஏறிய நாட்களை இருவரும் எண்ணினோம். குப்பனூர் போன மறுநாளிலிருந்து ஆரம்பித்தோம். எந்த நாள் எந்தக் காட்டில் பறித்தார்கள் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. ஞாயிறுகளைக் கழித்தோம், பொங்கல் நாட்களைக் கழித்தோம். நாற்பத்து நான்கு வந்தது.

"ஒரு நாளு எனக்குக் காச்சலுங்க. நான் அன்னிக்குப் போகுல" என்றார். "அதையும் கழிச்சுருங்க."

நாற்பத்து மூன்று நாட்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.